கருவியும் கண்ணியமும்

துன்பத்தில் உழல்வோர் தம் குறையை நம்பிச் சொல்கின்றனர். கேட்போர் அதனைக் காத்து வைக்கின்றனர். சமூகப் பணி என்பதன் அடித்தளம் இவ்வளவே. நம்மவர் வழக்கில் சொல்வதாயின் அஃது ஓர் அமானிதம். அவ்வடைக்கலப் பொருளை ஒரு நொடியில் ஊரறியச் செய்துவிடும் ஆற்றல் இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. தொண்டில் ஆர்வமுடைய மாணவரும் அவர்களை வழிநடத்தும் பெரியோரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தொலைத்தொடர்புக் கருவி தொண்டுக்குப் பகையன்று. 1953ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் சாட் வாரா என்னும் பாதிரியார், தற்கொலை எண்ணத்தால் தவிப்போர் மனம்விட்டுப் பேசுவதற்கெனத் தொலைபேசிச் சேவை ஒன்றைத் தொடங்கினார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு அதிலிருந்தே வளர்ந்தது. சென்னையில் 1986இல் 'சினேகா' தோன்றியது. மும்பையில் 1996இல் தொடங்கப்பெற்ற 1098 என்னும் சிறுவர் உதவி எண் பின்னர் நாடெங்கும் பரவியது. மனநல ஆலோசனைக்கென 14416 என்னும் எண்ணை நடுவணரசு 2022இல் வழங்கியது. நேரில் சொல்ல நாணுவோரும் அஞ்சுவோரும் இவ்வெண்களை நாடக் காரணம் யாது? அங்கே முகங்காட்ட வேண்டியதில்லை என்பதே. துன்புறுவோர்க்குத் தொலைபேசி ஒரு திரையாக நின்று உதவியது.

அத்தொலைபேசியோடு ஒளிப்படக் கருவி இணைந்தபோது திரை விலகிற்று. இதனை நாம் பட்டறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பெருமழையில் ஒரு குடியிருப்பு நீரில் மூழ்கியபோது, மாணவர்களோடு நாமும் அரிசி, பாய், போர்வை முதலியவற்றைக் கொண்டு சென்றோம். பெற்றுக்கொண்டோரைப் பொருளோடு நிற்கவைத்துப் படம் எடுத்தோம். நன்கொடையாளர்க்குக் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்பதே எம் நோக்கம். அன்று மாலையே அப்படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வந்தன. ஒரு வாரம் கழித்து, படத்தில் நின்ற தாய் ஒருவரின் மகள் எம்மைத் தேடி வந்தாள். பள்ளியில் உடன் பயிலும் பிள்ளைகள் அப்படத்தைக் காட்டிச் சிரித்தனராம். "சார், அரிசியத் திருப்பிக் கொடுத்துடுறோம். அம்மா படத்தை மட்டும் எடுத்துடுங்க" என்றாள். அரிசியைத் திருப்பித் தரும் நிலையில் அவ்வீடு இல்லை என்பதை நாம் அறிவோம். எம் கைபேசியிலிருந்து படத்தை நீக்கினோம். எத்தனையோ கைகளுக்குச் சென்றுவிட்டதை நீக்க எமக்கு வழியில்லை.

'படம் எடுக்க அவர்கள் மறுக்கவில்லையே' எனச் சிலர் கூறலாம். அரிசி மூட்டையை நீட்டியவாறு கேட்கும் இசைவு எங்ஙனம் இசைவாகும்? மறுத்தால் பொருள் கிடைக்காதோ என்னும் அச்சம் அங்கே தலையசைக்க வைக்கிறது.

'முகத்தை மறைத்து வெளியிடலாமே' என்பர் வேறு சிலர். தமிழ் பயில்வோர்க்கு இதற்கான விடை புதிதன்று. அக ஒழுக்கத்தைப் பாடுங்கால் தலைமக்களை இன்னார் எனப் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. நெடுநல்வாடையில் பெயர் இல்லை. எனினும் வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிவிடுகிறது என்பதால் அதனைப் புறம் என்றனர் ஆன்றோர். ஒரு வேப்பந்தழை போதும், ஆளை அடையாளங்காட்ட! அங்ஙனமாயின் முகத்தை மறைத்துவிட்டு வீட்டு வாசலையும் தெருவையும் காட்டுவதால் பயன் என்ன? 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவும் இதனையே கருதுகிறது. பாதுகாப்பு வேண்டும் சிறாரின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றை மட்டுமன்றி, அவரை அடையாளங்காட்டக்கூடிய பிற விவரங்களையும் ஊடகங்கள் வெளியிடுவதை அது தடுக்கிறது.

படத்தினும் நுட்பமான இடர் குறுஞ்செய்தியில் உண்டு. பல இல்லங்களில் கைபேசி ஒன்றே. கணவனால் துன்புறும் பெண்ணுக்குத் தொண்டர் ஒருவர் நல்லெண்ணத்தோடு அனுப்பும் ஆறுதல் மொழி, அக்கணவன் கைக்கே செல்லக்கூடும். ஆகவே 'எந்த எண்ணில், எந்த வேளையில் அழைக்கலாம்?' என்பதே நம் முதற் கேள்வியாதல் வேண்டும். இளம் தொண்டர்கள் தம் சொந்த எண்ணைத் தந்து நள்ளிரவிலும் உரையாடுவதும், உதவி நாடி வந்தவரை முகநூல் நட்பில் சேர்ப்பதும் இருவருக்கும் தீங்காக முடியலாம். அமெரிக்கச் சமூகப் பணியாளர் தேசியச் சங்கம் 2017இல் தன் அறநெறித் தொகுப்பைத் திருத்தியபோது, மின்னணுத் தொடர்புக்கான நெறிகளை விரிவாகச் சேர்த்தமை இங்கு நினைக்கத்தக்கது. அதே ஆண்டில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனிமறைவு அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது.

எல்லாவற்றையும் மூடி மறைக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. உயிருக்கு ஆபத்து நேருமிடத்து மறைபொருள் காப்பது அறமாகாது. சிறார்மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் உரியவரிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். இவ்வெல்லையையும் நம்மிடம் பேச வருவோரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுதல் நேர்மை.

நன்கொடையாளர்க்குக் கணக்கு வேண்டும் என்னும் பெரியோர் கருத்து மிகச் சரியானதே. அதற்குப் பற்றுச்சீட்டு உண்டு. கையொப்பப் பட்டியல் உண்டு. அடுக்கிய மூட்டைகளைப் படம் எடுக்கலாம். அப்பட்டியலும் அலுவலகப் பேழையில் இருத்தல் வேண்டும். குழுக்களில் உலவுதல் ஆகாது. தொண்டுக்குப் புறப்படும் மாணவரிடம், பெறுவோரைப் படம் எடுப்பதில்லை என்னும் உறுதிமொழியைக் கல்லூரிகள் வாங்கலாம். ஆசிரியரும் பெரியோரும் அதில் முதலில் கையொப்பம் இடுவது முறை. அன்று படம் எடுத்தோருள் நாமும் ஒருவர் என்பதால், எம் கையொப்பத்தை இக்கட்டுரையிலேயே இடுகின்றோம்.