மாலையில் கதவு தட்டும் ஆள்

"பையன் கப்பலில் டிக்கெட் போட்டிருக்கிறான். அறைக்கு வேலையாள் வருவார்களா? டிப்ஸ் எவ்வளவு கொடுக்க வேண்டும்?" சென்ற மாதத்தில் மட்டும் மூன்று நண்பர்கள் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஃபோனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் இந்தப் பதிவு. விவரமும் இருக்கும், என் அபிப்பிராயமும் இருக்கும். அபிப்பிராயம் பிடிக்காதவர்கள் விவரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், கோபமில்லை.

நம் வயதுக்காரர்களுக்குக் கப்பல் என்றதும் ரஜுலாவும் சிதம்பரமும்தான் நினைவுக்கு வரும். சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போன கப்பல்கள். டெக் பயணிகள் பாயும் தலையணையும் தாங்களே சுமந்துகொண்டு போனார்கள். அறையே கிடையாது, பிறகு அறைச் சேவைக்கு எங்கே போவது? இப்போது எல்லோரும் போகிற குரூஸ் வேறு ஜாதி. இது ஊர் போய்ச் சேர்வதற்கான கப்பல் இல்லை, மிதக்கிற ஹோட்டல். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டீலியா கப்பலை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பி வைத்த பிறகு, நம் தெருவிலும் குரூஸ் போய் வந்தவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள்.

நான் போனது இரண்டு முறை. இரண்டும் அமெரிக்காவில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து. முதல் முறை 2009, அடுத்தது 2024. நடுவில் பதினைந்து வருஷம். இந்த இடைவெளியில் அறைச் சேவை எப்படி மாறியது என்பதுதான் விஷயம்.

2009-இல் எங்கள் அறையைக் கவனித்தவர் ஒரு இந்தோனேசியக்காரர். கேபின் ஸ்டூவர்டு என்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வருவார். காலையில் நாங்கள் டிபன் சாப்பிடப் போயிருக்கும்போது படுக்கையைச் சரி செய்து, குளியலறையைக் கழுவி, துண்டு மாற்றி, ஐஸ் வைத்துவிட்டுப் போவார். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் வந்து, திரையை இழுத்து மூடி, போர்வையை மடித்துவிட்டு, மறுநாள் நிகழ்ச்சி அச்சடித்த தாளை வைப்பார். தலையணை மேல் இரண்டு சாக்லேட். துண்டை மடித்து யானை, குரங்கு, அன்னம் என்று தினம் ஒன்று செய்து வைப்பார். அந்த யானையைப் பிரிக்கக் கூடாது என்று என் மனைவி இரண்டு நாள் அதைக் கட்டிலின் ஓரத்திலேயே வைத்திருந்தாள்.

யானையும் சாக்லேட்டும் போகட்டும். இரண்டாம் நாளே அவருக்கு எங்கள் பெயர் தெரியும். என் மனைவிக்கு முழங்கால் வலி என்பதைக் கவனித்து, கேட்காமலே இன்னொரு தலையணை கொண்டுவந்து வைத்தார்.

அந்தப் பயணத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் நான்கு அறை தள்ளி ஒரு அமெரிக்க மூதாட்டி தனியாக வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். ஒரு நாள் மதியம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை, ஃபோன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கைக்கு எட்டவில்லை. சாயங்காலம் படுக்கையைச் சரி செய்ய வந்த அதே ஸ்டூவர்டுதான் அவரைப் பார்த்து டாக்டரை வரவழைத்தார். இடுப்பில் அடி, நல்லவேளை எலும்பு முறியவில்லை. மறுநாள் சக்கர நாற்காலியில் வந்து எங்களுக்குக் கை காட்டினார்.

2024-இல் ஏறியதும் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். "காலையில் வரட்டுமா, மாலையிலா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்." ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். இது ஒரு கப்பலின் கதை இல்லை. நார்வீஜியன் குரூஸ் லைன் 2023 ஜனவரியில் சாதாரண அறைகளுக்கு இரு வேளைச் சேவையை ஒரு வேளையாகக் குறைத்தது. ராயல் கரீபியனிலும் சாதாரண அறைக்கு ஒரு வேளைதான். ஆனால் 'சூட்' எனப்படும் உயர்வகை அறைக்காரர்களுக்கு இன்னமும் இரண்டு வேளை உண்டு. சில்வர்ஸீ போன்ற ஆடம்பரக் கப்பல்களில் ஒவ்வொரு அறைக்கும் பட்லரே இருக்கிறார். ஆக சேவை அழிந்துவிடவில்லை, மாடி ஏறிவிட்டது.

காரணம் கேட்டால் கொரோனாவில் தொடங்குவார்கள். 2020 மார்ச் மாதம் உலகம் முழுவதும் குரூஸ் கப்பல்கள் நின்றன. ஒரு வருஷத்துக்கு மேல் வருமானம் இல்லை, மலைபோல் கடன் ஏறியது, வேலையாட்கள் ஊருக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. எல்லாம் உண்மை. கஷ்ட காலத்தில் சேவையைக் குறைத்ததில் எனக்கு ஆட்சேபமே இல்லை.

கஷ்டம் தீர்ந்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி. கார்னிவல் நிறுவனம் 2024-இல் 2500 கோடி டாலர் வருவாய் பார்த்தது, அதுவரையிலான அதன் சரித்திரத்திலேயே அதிகம். ராயல் கரீபியனுக்கு அதே வருஷம் நிகர லாபம் ஏறக்குறைய 290 கோடி டாலர். கப்பல்கள் நிறைந்து ஓடுகின்றன. மாலையில் கதவு தட்டும் ஆள் மட்டும் திரும்பி வரவில்லை.

நமக்கு இது புதிதா? நம் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவில் ஏ.சி. பெட்டியில் கம்பளியும் விரிப்பும் நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில் திரும்ப வந்துவிட்டது. அதே கொரோனாவில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையையும் நிறுத்தினார்கள். ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம். அது போனது போனதுதான். நெருக்கடியில் போவதில் எது திரும்பும், எது திரும்பாது என்பதை நெருக்கடி தீர்மானிப்பதில்லை. யார் சத்தமாகக் கேட்கிறார்கள் என்பது தீர்மானிக்கிறது. வயசானவர்கள் சத்தம் கம்மி.

இனி டிப்ஸுக்கு வருகிறேன். கப்பலில் இதற்குப் பெயர் 'கிராஜுவிட்டி'. நமக்கு அந்த வார்த்தை வேறு. 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி, உழைத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்று முதலாளி நமக்குக் கொடுத்தது. கப்பலில் முதலாளி கொடுப்பதில்லை, பயணி கொடுக்கிறார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நம் கணக்கிலேயே ஏறிவிடும். 2009-இல் நாங்கள் போன கப்பலில் பத்து டாலர் அளவில் இருந்தது. சேவையைப் பாதியாக்கிய அதே 2023 ஜனவரியில் நார்வீஜியன் இந்தத் தொகையை 20 டாலர் ஆக்கியது. இரண்டு பேர், ஏழு நாள் என்றால் 280 டாலர். நம் பணத்தில் 23,000 ரூபாய்க்கு மேல். இட்லி இரண்டிலிருந்து ஒன்றாகிவிட்டது, விலை ஏறிவிட்டது.

"அப்படியானால் டிப்ஸைக் குறைத்துவிடலாமே" என்பார்கள். பல கப்பல்களில் கவுன்டரில் போய்ச் சொன்னால் குறைத்தும் கொடுப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

2024-இல் எங்கள் அறைக்கு வந்த தம்பி தூத்துக்குடிக்காரர். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் என் மனைவி, "இப்ப ஒரு வேளைதானேப்பா, உனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்குதா?" என்று கேட்டாள்.

"எங்கம்மா ஓய்வு? சாயங்கால வேலையக் குறைச்சாங்க, ரூம கூட்டிட்டாங்க. முன்னால உள்ளத விட பத்து ரூம் அதிகம். எல்லாரும் காலையிலதான் வரணும்னு டிக் அடிக்காங்க. பத்து மணிக்குள்ள எத்தன கதவுக்குத்தான் ஓடுறது?" என்றார். கொஞ்சம் நின்று, "முன்னால சாயங்காலம் வந்தா நாலு வார்த்தை பேசுவாங்க. இப்ப பாதிப் பேரு மூஞ்சியே தெரியாதும்மா" என்றார்.

நான் வங்கியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன். கவுன்டரைக் குறைத்தால் ஊழியருக்கு வேலை குறையாது, வரிசைதான் நீளும். அது எனக்குத் தெரிந்த பாடம். கப்பலிலும் அதே கதை.

இவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையா என்றால், இருக்கிறது. ஐ.எல்.ஓ.வின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. வாரத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, அல்லது வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று இரண்டு அளவுகோல். கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாடு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். 77 போனால் மிச்சம் 91. அதாவது வாரத்துக்கு 91 மணி நேரம் வரை வேலை வாங்கினாலும் அந்த அளவுகோலை மீறியதாகாது! பயணிகள் ஏறுவது அமெரிக்காவில் என்றாலும் கப்பல் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா கொடியில் ஓடும். அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி இவர்களுக்குக் கிடையாது.

கரையில் இருப்பவர்களால் கேட்க முடிகிறது. கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்க ஹோட்டல்களிலும் தினசரி அறைச் சுத்தத்தைக் குறைத்தார்கள். 2024 செப்டம்பரில் பல நகரங்களில் சுமார் பத்தாயிரம் ஹோட்டல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வோடு, குறைத்த சேவைகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதும் கோரிக்கை. நடுக்கடலில் ஆறேழு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் தூத்துக்குடித் தம்பி யாரிடம் போய்க் கேட்பார்?

என் மகன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். "அப்பா, ஒரு நாளைக்கு இரண்டு தடவை யாரோ ரூமுக்குள்ள வர்றது எனக்குப் பிடிக்காது. துண்டை தினம் ரெண்டு தடவை துவைக்கிறதும் வேஸ்ட்" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கப்பல் தனக்கு வேண்டிய நல்ல தண்ணீரில் பெரும்பகுதியைக் கடல்நீரிலிருந்து தானே தயாரிக்கிறது, அதற்கு எரிபொருள் செலவு. வீட்டில் நாம் ஒரே துண்டை நாலு நாள் உபயோகிக்கவில்லையா? துண்டைக் குறைக்கட்டும், விரிப்பைக் குறைக்கட்டும், சாக்லேட் நம் சர்க்கரைக்கு எப்படியும் ஆகாது.

ஆனால் நாற்பது வயதுக்காரனுக்குத் தொந்தரவாகத் தெரியும் கதவுத் தட்டல், எண்பது வயதுக்காரருக்கு உயிர் காக்கும் தட்டல். அந்த அமெரிக்க மூதாட்டி இன்றைய ஏற்பாட்டில், காலையில் அறை சுத்தமான பிறகு மதியம் விழுந்திருந்தால்? மறுநாள் காலைவரை தரையில்தான் கிடந்திருப்பார். குரூஸில் போகிறவர்களில் நம் வயதுக்காரர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. நம்மை நம்பி நடக்கும் வியாபாரத்தில் நம்மைப் பார்க்கும் கண்ணைக் குறைத்திருக்கிறார்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். எழுபது தாண்டியவர்கள், தனியாக வருகிறவர்கள், வேண்டும் என்று கேட்டால், மாலையில் ஒரு தடவை கதவைத் தட்டி "எல்லாம் சரிதானே?" என்று கேட்க ஆள் வர வேண்டும். துண்டு வேண்டாம், யானை வேண்டாம். ஒரு அறைக்கு ஒரு நிமிஷம் ஆகுமா? அதற்கு ஆள் போதாது என்றால் ஆளைக் கூட்டட்டும். சூட்காரருக்கு முடிகிறது என்றால் நமக்கும் முடியும். இரண்டாவது, ஊழியரின் கூலியை டிப்ஸ் என்று பெயர் மாற்றி நம் தலையில் கட்டாமல், டிக்கெட் விலையிலேயே சேர்த்து, சம்பளமாகக் கொடுக்கட்டும். விலை எவ்வளவு என்று நமக்கும் தெரியும், வருமானம் எவ்வளவு என்று அவருக்கும் தெரியும்.

அதுவரை, போகிற நண்பர்களுக்குச் சில யோசனைகள். டிக்கெட் எடுக்கும்போதே அறைச் சேவை ஒரு வேளையா, இரு வேளையா, டிப்ஸ் சேர்ந்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனியாகப் போகிறவர்கள் மாலை வேளையைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாளே ஸ்டூவர்டைப் பார்த்துப் பெயரைக் கேட்டு, உங்கள் உடம்பு நிலையைச் சொல்லுங்கள். இன்சுலின் வைக்கக் குளிர்சாதனப் பெட்டியோ ஐஸோ வேண்டும், குளியலறையில் உட்கார நாற்காலி வேண்டும் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். குளிக்கப் போகும்போது செல்ஃபோனை வெளியே விடாதீர்கள். கப்பல் நிறுவனத்தின் செயலியில் உள்ளே இருப்பவர்களோடு பேச வசதி இருந்தால், பக்கத்து அறைத் தம்பதியோடு பழகி, ராத்திரி ஒரு 'குட்நைட்' போடும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணம் முடிந்ததும் கருத்துக் கேட்டு ஒரு படிவம் மின்னஞ்சலில் வரும். பெரும்பாலும் நாம் அதைத் திறப்பதில்லை. இந்தத் தடவை திறந்து, ஸ்டூவர்டின் பெயரைப் போட்டுப் பாராட்டி இரண்டு வரி எழுதுங்கள். கீழே, மாலைச் சேவையைத் திரும்பக் கொடுங்கள் என்று இன்னும் ஒரு வரி சேருங்கள். ஊழியருக்குக் குறை வராமல் நிறுவனத்திடம் நம் குறையைச் சொல்ல எனக்குத் தெரிந்து அதுதான் வழி.