மேலே போன பிறகு எங்கே போகும்?



கோயம்புத்தூரில் வெயில் ஏறினால் நாம ஊட்டிக்குப் போறோம். ஊட்டியிலேயே சூடு ஏறினால் அங்குள்ள குருவி எங்கே போகும்?

மலையில் 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அப்படின்னா பூமி 1 டிகிரி சூடானால், பழைய குளிருக்குப் பறவை சுமார் 160 மீட்டர் மேலே போகணும். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதுக்கு மேலே வெறும் வானம்! ஆனைமலைக்குப் போகலாம் என்றால், நடுவில் சூடான பாலக்காட்டுக் கணவாய்.

நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னப் பறவை, உலகிலேயே தென்னிந்திய மலைகளில் மட்டும்தான் உண்டு. உச்சிப் புல்வெளிதான் அதன் வீடு, கூடும் தரையில்தான். அந்தப் புல்வெளியில் வெள்ளைக்காரர் காலத்தில் சீகையும் தைலமரமும் நட்டார்கள். சீகை இன்றைக்கும் தானாகவே பரவுது.

ஜூன் 5 வந்தால் "மரம் நடுவோம்" என்கிறோம். நம்ம ஊரில் தாராளமாக நடலாம். ஆனால் மலைப் புல்வெளியில் நடக்கூடாது என்பது என் கருத்து. சீகையை எடுக்கணும்; சோலையையும் புல்லையும் காக்கணும். நம்ம பவானி ஆறும் அந்த மலையில்தான் பிறக்குது.

சூட்டை ஒரே நாளில் குறைக்க முடியாது. இருக்கிற வீட்டையாவது பறிக்காமல் இருப்போமே!

புல்லும் காடுதான், மறவாதீர்!

– 9-ஆம் வகுப்பு மாணவி