கூலிக்கு யோசனை

கல்வித் திட்டம் வகுக்கக் கூலி கொடுத்து யோசனைக்காரரை அமர்த்தும் வழக்கம் நம் தேசத்தில் வேரூன்றி வருகிறது. 2017-ஆம் வருஷம் நீதி ஆயோக் ஆரம்பித்த 'சாத்-இ' திட்டத்தில், மத்தியப் பிரதேசம், ஒடிஸா, ஜார்க்கண்ட் ஆகிய மூன்று ராஜ்யங்களின் பள்ளிச் சீர்திருத்தத்திற்குப் பாஸ்டன் கன்ஸல்டிங் குரூப் என்னும் அமெரிக்கக் கம்பெனியும் பிரமால் பவுண்டேஷனும் துணை நின்றன. பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை ஒன்றோடொன்று இணைப்பது அதன் பிரதான அம்சங்களுள் ஒன்று.

வெளியாரிடம் யோசனை கேட்பதே குற்றமென்று நாம் சொல்லவில்லை. 1917-ல் கல்கத்தா சர்வகலாசாலையைப் பரிசீலிக்க அன்னிய சர்க்கார் நியமித்த கமிஷனுக்கு, லீட்ஸ் சர்வகலாசாலை உபவேந்தர் மைக்கேல் ஸாட்லரே தலைவர். எனினும் ஆசுதோஷ் முகர்ஜி அதில் ஓர் அங்கத்தினர். பலரிடமும் சாட்சியம் கேட்கப்பட்டது. 1919-ல் அறிக்கை 13 பாகங்களாக வெளிவந்தது. உடன்படாதவர் படித்துக் கண்டிக்க வழியிருந்தது. அன்னிய ஆட்சியே அவ்வளவு செய்திருக்க, ஜனங்களின் ஆட்சி அதற்குக் குறைவாகச் செய்யலாமா?

மாரண்டஹள்ளியிலிருந்து இவ்விஷயத்தை நோக்குவோம். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி ஜில்லா தருமபுரி, நூற்றுக்கு 68.5 பேரே எழுதப் படிக்கத் தெரிந்தவர். இப்பக்கத்துக் குக்கிராமப் பள்ளியொன்றை அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்தால், காகிதத்தில் அது சிக்கனம். தனியே நடந்து செல்ல அஞ்சும் சிறுமிக்கோ அதுவே படிப்பின் முடிவு. இதைக் கணக்குப் புஸ்தகம் சொல்லாது. உபாத்தியாயரும் தாயாரும் சொல்வார்கள்.

கட்சிக்காரனை ஒரு வார்த்தை கேளாமல் வாதம் தயாரிக்கும் வக்கீலைக் கோர்ட்டில் நாம் கண்டதுண்டு. வாதம் அழகாக இருக்கும், வழக்குத் தோற்கும்.

1956-ல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைப் பரப்பியபோது, கல்வி இலாகாத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு உடனிருந்தார். ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வராததற்குப் பசியும் காரணமென்று கண்டறிய எந்தக் கம்பெனியும் தேவைப்படவில்லை.

ஆகவே, சர்க்காராயினும் சர்வகலாசாலையாயினும் யோசனைக்காரரை நியமிக்குமுன் மூன்று நிபந்தனைகளை ஏற்க வேண்டும். கொடுக்கும் தொகையும் பெறும் அறிக்கையும் தமிழில் பகிரங்கமாக வேண்டும். கற்பிப்போரும் பெற்றோரும் விசாரிக்கப்பட வேண்டும். முடிவு செய்யும் பொறுப்பு, ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரிடமே இருக்க வேண்டும். யோசனையை விலைக்கு வாங்கலாம். பொறுப்பை விற்க ஒருவருக்கும் அதிகாரமில்லை.