பிடிபட்ட 6, முத்திரையிடப்பட்ட 296

30 செ.மீ. பெட்டியிலிருந்து குதித்து இறங்குவோரின் பிழைகளை எண்ணும் 'லெஸ்' தேர்வு, முழங்காலின் ஏ.சி.எல். கிழிவை முன்னுரைக்கும் என்பது மிகைக்கூற்று. சான்றாகக் காட்டப்படும் 2015ஆம் ஆண்டின் பாடுவா குழு ஆய்வில் இளம் கால்பந்தாட்டக்காரர் 829 பேர். கிழிவு கண்டோர் 7 பேர். மதிப்பெண் 5 என்ற எல்லையில் உணர்திறன் 86, தனித்தன்மை 64 விழுக்காடு. அதாவது 6 பேரைப் பிடிக்க, காயமுறாத ஏறத்தாழ 296 பேர்மீதும் முத்திரை விழுகிறது. (பிடிபட்டவருள் இன்னும் ஒருவர் தப்பியிருந்தால் அந்த 86 வெறும் 71தான்.) உணர்திறனைப் பறைசாற்றுவோர் இந்த 296 பேரைப் பேசுவதேயில்லை. கோல் மார்க்கெட்டை அடுத்த தால்கடோரா அரங்கிலோ வேறெங்கோ, இம்மதிப்பெண்ணைக் காட்டி ஒரு சிறுமியை அணியிலிருந்து விலக்கினால் அது எவ்வகை அறிவியல்? தரையிறங்கும் முறையைத் திருத்தும் பயிற்சி காயத்தைக் குறைக்கிறது. அதை அனைவருக்கும் அளிக்கலாம், வடிகட்டத் தேவையில்லை.