பிளாஸ்டிக்தானே!

என் மேசை இழுப்பறையில் ஒரு வெள்ளை நைலான் புஷ் கிடக்கிறது. ஒரு பக்கம் ஹேக்சா பிளேடு அறுத்த கோடு, உள்ளே கருகிய பழுப்பு நிறம். வீடு மாறும்போதெல்லாம் என் மனைவி அதைக் குப்பையில் போடப் பார்ப்பார். நான் எடுத்து வைத்துக்கொள்வேன். என் கையால் கெட்ட முதல் வேலை அது.

அப்போது பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், ஒரு கடைசல் பட்டறையில் எனக்கு இரண்டாம் ஆண்டு. பக்கத்துச் செம்பனை ஆலையிலிருந்து தேய்ந்துபோன வெண்கல புஷ் ஒன்று வந்தது. கன்வேயர் தண்டைத் தாங்குவது. "வெண்கலம் எதுக்கு அண்ணே? நைலான்ல கடைஞ்சு தரேன். விலையும் குறைவு, கிரீஸும் அவ்வளவா வேண்டாம்" என்று ஆலை ஃபிட்டரிடம் பெருமையாகச் சொன்னேன். வெண்கலத்துக்கு விடும் அதே இடைவெளியை விட்டு, அளவு பிசகாமல் கடைந்தும் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் இரவு தண்டு இறுகி, கன்வேயர் நின்றது. வெட்டிய பழக்குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். விடியும்வரை குலைகள் குவிந்தபடி இருந்தன. காலையில் ஃபிட்டர் அண்ணன் அறுத்தெடுத்த புஷ்ஷை என் உள்ளங்கையில் வைத்தார். "தம்பி, அது எந்த இடத்துல ஓடுதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?" அவ்வளவுதான். அதற்குமேல் திட்டவில்லை.

அந்தத் தண்டு ஓடிய இடம், பழத்தை வேகவைக்கும் நீராவிக் கலனுக்குப் பக்கத்தில். நைலான் தண்ணீர் குடிக்கும் பொருள். ஈரத்திலேயே கிடந்தால் நைலான் 6 தன் எடையில் ஏறக்குறைய 9 விழுக்காடு வரை நீரை உறிஞ்சிப் பருக்கும். சூட்டிலோ எஃகைவிட ஏழெட்டு மடங்கு விரியும். வெளியே இரும்புக் கூடு இறுக்கிப் பிடித்திருக்கும்போது அது எங்கே போகும்? உள்பக்கம் சுருங்கித் தண்டைக் கவ்விவிடும். நைலான் நல்ல பொருள்தான். காய்ந்த, சூடில்லாத இடத்தில், இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தால் பல காலம் உழைத்திருக்கும். பிழை பொருளில் இல்லை, கேட்காமல் கடைந்த என்னிடம் இருந்தது.

எஞ்சினியரிங் பிளாஸ்டிக் என்று சொல்கிறோமே, அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். அசெட்டால் அதிகம் தண்ணீர் குடிக்காது, வழவழப்பானது. சின்னப் பல்சக்கரங்களுக்கு ஏற்றது. ஆனால் 175 டிகிரியை ஒட்டி உருகிவிடும். நைலான் 66 சுமார் 260 டிகிரி வரை உருகாது. பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் 1978-இல் உருவான பீக் என்ற பிளாஸ்டிக் 343 டிகிரியில்தான் உருகும். கொதிநீராவியையும் தாங்கும். விலையைக் கேட்டால் நமக்குத்தான் தாங்காது. ஃபிட்டர் அண்ணன் மறுபடி வெண்கலத்தையே போட்டார். அதுதான் சரி.

இதில் ஒரு வேடிக்கை. நம் தோட்டத்து மக்களுக்கு இந்த வகைப் பொருள் புதிதே அல்ல. பால்மரத்துப் பாலில் இருப்பதும் பாலிமர்தான், நீண்ட சங்கிலி மூலக்கூறு. அமிலம் கூடினால் ஷீட் என்ன ஆகும், புகைக்கூண்டில் எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் நம் பாட்டிமார் கைக்குத் தெரியும். 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை! ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி ரவாங், செரண்டா தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். பெரோடுவா காடிகள் உருவாகும் சுங்கை சோவும் அந்தப் பக்கம்தான்.

உங்கள் காடியின் பானெட்டை ஒருமுறை திறந்து பாருங்கள், எஞ்சின் ஆறியபிறகு. ரேடியேட்டரின் கறுப்புத் தொட்டியிலோ, காற்று போகும் குழாய்த் தொகுதியிலோ 'பிஏ66-ஜிஎஃப்30' என்பதுபோல் ஆங்கில எழுத்துகள் பதிந்திருக்கலாம். நைலான் 66, அதில் 30 விழுக்காடு கண்ணாடி இழை என்று பொருள். எஃகின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கறுப்புத் தொட்டி பழுப்பேறி, மெல்லிய கோடுகள் விட்டிருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பாலேக் கம்போங் போகும் வழியில் வெடித்தபிறகு பார்க்க வேண்டாம்.

என் அக்கா மகன் அப்படியொரு தொழிற்சாலையில் மோல்டிங் மெஷின் ஓட்டுகிறான். சேர்ந்த புதிதில், "என்ன பொருள்டா ஊத்துறீங்க?" என்று கேட்டேன்.

"கறுப்பு பிளாஸ்டிக், மாமா."

இழுப்பறையைத் திறந்து அந்த புஷ்ஷைக் காட்டினேன். நைலான் மணிகளை உருக்குவதற்கு முன் ஏன் உலர்த்துகிறார்கள் என்றும் சொன்னேன். ஈரத்தோடு உருக்கினால் அந்தச் சூட்டில் நீரே சங்கிலிகளை வெட்டிவிடும். பாகத்தின்மேல் வெள்ளிக் கீற்றுகள் தெரியலாம், தெரியாமலும் போகலாம். பார்வைக்கு நன்றாக இருக்கும், பலம் இருக்காது. அவன் அதைக் கேட்டுக்கொண்டானா, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தானா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

போன மாதம் அதிகாலை இரண்டரைக்கு அழைத்தான். உலர்த்தி எப்போது நின்றதென்று யாரும் கவனிக்கவில்லையாம். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. "நாலு மணி நேர சரக்கு மாமா. சூப்பர்வைசர் அனுப்பச் சொல்றாரு. பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு."

"ஷிஃப்ட் ஆரம்பத்துல போட்டது ஒண்ணு, இப்ப போட்டது ஒண்ணு. ரெண்டையும் வைஸ்ல கட்டி சுத்தியலால அடிச்சுப் பாரு."

ஃபோனை வைக்காமலே போனான். சத்தம் எனக்குக் கேட்டது. முதலாவது நான்கு அடி தாங்கியது. இரண்டாவது ஒரே அடியில் போயிற்று.

அந்தப் பெட்டிகள் அத்தனைக்கும் சிவப்பு அட்டை கட்டி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் அன்று வீட்டுக்கு வந்தான். அடுத்த வாரம் அவன் கேட்டது சபாக் பெர்ணம் போலிடெக்னிக்கில் எப்போது விண்ணப்பம் திறக்கும் என்று. உடைந்த இரண்டாவது துண்டையும் கொண்டு வந்திருந்தான். அதுவும் இப்போது என் இழுப்பறையில்தான் இருக்கிறது.