பழைய பெட்டிக்கு என்ன விலை?

பட்டறை வைத்திருப்போர்க்குக் கருவி வாங்குதல் எளிது. வாங்கியவற்றை வைக்க இடம் காண்டலே அரிது. ஆணியும் மரையும் வாசரும் ஒரே தகரத்திற் கலந்து கிடப்பின், வேண்டியதைத் தேடுவதிலேயே அரைநாள் கழியும். புதிய இரும்பு அலமாரியின் விலையோ சிறு தொழிலாளிக்கு எட்டுவதன்று. ஆதலின், குடிபெயர்வோர் தட்டுமுட்டுப் பொருள்களை விற்கும்போது பழைய இழுப்பறைப் பெட்டிகளை நாடி வாங்குதல் நன்று. எனினும், அங்ஙனம் வாங்குவோரிடம் உள்ள ஒரு வழக்கத்தை நான் வெறுக்கிறேன். அவ்வழக்கத்திற்கு நானும் ஒருமுறை உடன்பட்டவனே.

சென்ற கோடை விடுமுறையில், கண்டமங்கலத்தில் எங்கள் தெருவிலுள்ள ஆயா ஒருவர், மகனோடு சென்னைக்குக் குடியேறும்பொருட்டு, வீட்டுப் பொருள்களைத் திண்ணையிற் பரப்பினார். அவற்றுள் ஒன்று, அவர் கணவர் நாட்டு மருந்துக்கடை நடத்திய காலத்துப் பெட்டி. இருபத்துநான்கு சிற்றறைகள் உடையது. என் பெரியப்பா மகன் நீரிறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பவர். அவர் ஓர் அறையை உருவி, அடிப்புறத்தை நகத்தாற் கீறி முகர்ந்தார். உள்ளே பொன்னிறம், தேக்கின் எண்ணெய் மணம். மூலைகள் ஆணியின்றிப் புறாவால் மூட்டாற் பிணைந்திருந்தன. நான்கு அறைகளின் அடிப்பலகை மட்டும் உளுத்திருந்தது.

“விறகுக்குத்தான் ஆகும் தம்பி, அறுநூறு கொடு, வேறெதற்காவது ஆகுமா?” என்றார் ஆயா. அண்ணன் வாய் திறக்குமுன் நான் அவர் கையைக் கிள்ளினேன். அறுநூறு ரூபாய்க்குப் பெட்டி எங்கள் வீடு சேர்ந்தது.

இதனை விடுதியிற் கூறியபோது நண்பனொருவன், “மரத்தை அறியும் அறிவும் உழைப்பால் வந்ததன்றோ? அதற்குக் கூலி வேண்டாவா?” என்றான். வேண்டும், மறுக்கவில்லை. பங்காளிகள் பலராகிப் பேணவியலாது பிரிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் பெட்டியும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிற் கடைகடையாக நிற்கின்றன. அவ்வணிகர் வண்டிக்கூலி கொடுக்கிறார், பழுது நீக்குகிறார், கடை வாடகை கட்டி, வாங்குவோர் வரும்வரை காத்திருக்கிறார். அவர்க்கு ஆதாயம் முறையே. நாங்களோ அடுத்த வீட்டார். ஆயா எங்களிடம் விலை மட்டும் கூறவில்லை, வினாவும் கேட்டார். கேட்டார்க்கு மறைத்த மௌனம் வாணிகமாகுமோ?

இவ்வினாவை முதலில் எழுப்பியவன் நானல்லன். மறுநாட் காலை அண்ணன் என்னையும் அழைத்துச் சென்று, “ஆயா, அது விறகன்று, தேக்கு” என்று கூறி, மேலும் இரண்டாயிரம் கொடுத்தார். அப்போதும் பெட்டி மலிவே. அத்துணை அறைகளுடன் தேக்கிற் புதிதாய்ச் செய்விப்பின் பன்மடங்காகும்.

வாங்குவோர்க்கு ஒன்று கூற மறந்தேன். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருத்தல் கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாதென்னும் விதி இந்தியாவில் 2017ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. ஆதலின் உலர உப்புத்தாளால் தேய்த்துத் தூசெழுப்பற்க. ஈரத்துணியால் துடைத்து, மேலே புதுப்பூச்சிடுக. எங்கள் பெட்டிக்கு அத்தொல்லை இல்லை, பூச்சே இல்லை. திப்பிலி என்றெழுதிய அறையில் இப்போது அரையங்குல மரையாணிகள் கிடக்கின்றன. பெயரை அழிக்க அண்ணன் உடன்படவில்லை. “திப்பிலியிலிருந்து நான்கு எடு” என்றால், பட்டறைப் பையனுக்கு விளங்குகிறது.