கவ்வாத்துக் காணாத கணினி

நுவரெலியாப் பட்டணத்தில் பிறப்புச் சான்றிதழ் ஒன்றை ஸ்கேன் செய்யச் சென்ற கடையில், 2020 ஜனவரியிலேயே மைக்ரோசொஃப்ட் கைவிட்டுவிட்ட விண்டோஸ் 7 இன்னமும் நிச்சிந்தையாக ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டபோது, 2023 ஓகஸ்டில் நம் அரசாங்க மின்னஞ்சலுக்கு நேர்ந்த விபரீதமே ஞாபகத்துக்கு வந்தது. கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்கும் தீநிரலொன்று அந்தச் சேவையைத் தாக்கியிருந்தது. என் மனத்தைவிட்டு அகலாதது, ஏறத்தாழ 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளாமற் போயின என்ற செய்தியன்று, அந்தச் சேவையின் காலாவதியான மென்பொருளைப் புதுப்பிக்க 2021 முதலே எண்ணியிருந்தும் பணம் போதவில்லை என்று சொல்லப்பட்ட காரணந்தான். தேயிலை மலையில் வளர்ந்தவனுக்கு இது விளங்காத சங்கதியல்ல: செடிகள் மீளத் தழைக்கக் கிளைகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டிய மலையில் சில மாதங்களுக்குக் கொழுந்து கிடையாது, பார்வைக்கும் அது மொட்டைக் குச்சிகளின் மயானம் போலிருக்கும், ஆதலால் காசு குறைந்த தோட்டத் துரைக்கு அதைத் தள்ளிப்போடும் சபலம் இயல்பாகவே எழும். இயங்குதளத்தை இறுக்குவதும் அத்தகைய காரியமே. வேண்டாத சேவைகளை நிறுத்துவதும், திறந்து கிடக்கும் வாயில்களை அடைப்பதும், நிர்வாகி அதிகாரத்தைக் கண்டவர்க்கும் கொடாதிருப்பதும், திருத்தங்களை வந்தவுடன் இடுவதும் திரையில் ஒரு சோபையையும் உண்டாக்குவதில்லை (மந்திரிகள் நாடா வெட்டவும் அங்கே இடமில்லை). கடைத் தம்பியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "வேலை செய்யுதுதானே, ஐயா!" என்றார். என் சான்றிதழின் பிரதி இன்றும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது.